அரை மணி நேரம் உட்காரணும்

புதன்கிழமை காலை ஏழரைக்கு, அம்பத்தூர் வீட்டில் குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் சரசா நாலாவது வீடியோவைப் பார்த்து முடித்திருந்தாள்.

"பாத்தியாடா பச்சையப்பா? ஊசி போட்டுகினு வெளிய வந்தான், நெஞ்சப் புடிச்சிகினு குந்திட்டான்! இதயம் பலூன் மாறி வீங்கிப் போச்சாம்!"

சரசாவின் தம்பி பச்சையப்பன் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் முப்பது வருடம் ஃபிட்டர். எந்த மெஷினில் என்ன கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அக்கா பேசினால் மட்டும் காது கேட்காது. பேப்பரைத் திருப்பினார்.

அந்தப் பேச்சு எந்த ஸ்டாப்பிங்கில் வந்து நிற்கும் என்று சமையலறையில் இருந்த ராணிக்குத் தெரியும். நின்றது.

"வீடியோ எதுக்கு? நம்ம ஊட்லயே ஒருத்தி பெத்த புள்ளைய இஸ்துகினு போயி குத்திகினு வந்தாளே!"

நாலு வருடமாக இதே பாட்டு. கொரோனா சமயம் ராணி அங்கன்வாடியில் ஆயா. தெருத்தெருவாகப் போய் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னவள், மகன் விஷாலையும் முகாமுக்கு அழைத்துப் போனாள். மூன்றாம் நாள் நெஞ்சுவலி என்று சுருண்டான். இதயத்தில் வீக்கம். எட்டு நாள் ஆஸ்பத்திரி. அவன் பிழைத்துவிட்டான்; ராணிதான் பிழைக்கவில்லை. வேலையை விட்டாள். திருவேற்காட்டில் மொட்டை போட்டாள். ஆடிக்கு ஆடி பால்குடம் எடுத்தாள். முடி மறுபடி வளர்ந்தது. போன பேர் வளரவில்லை.

அந்த முகாமுக்குப் பத்து நாள் முன்னால்தான் சரசாவின் கணவர் கொரோனாவில் போயிருந்தார். வெள்ளை மூட்டையாகக் கட்டி, முகத்தைக்கூடக் காட்டாமல் எரித்தார்கள். தம்பி வீட்டோடு வந்துவிட்ட சரசாவுக்குத் திட்டித் தீர்க்க ஒரு முகம் வேண்டியிருந்தது. ராணியின் முகம் பக்கத்திலேயே இருந்தது.

இன்றைய பிரச்சினை பேத்தி. ஒன்பது மாத அம்மை ஊசி, பதினொரு மாதமாகியும் போடவில்லை.

"அடுத்த தெருவுல ரெண்டு குழந்தைங்களுக்கு அம்மை வந்திருக்கு. இன்னிக்குப் போட்டே ஆகணும்," என்றாள் மருமகள் அகல்யா.

விஷால் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே சொன்னான்: "எங்கம்மா எனக்குப் பண்ணதே போதும் அகல்யா. எம் பொண்ணுக்கு வேணாம்."

ராணியின் கையில் கரண்டி நின்றது. ஊர் சொல்லியிருக்கிறது. நாத்தனார் சொல்லியிருக்கிறாள். இவன் மட்டும் இதுவரை சொன்னதில்லை...

"ஊசியாலதான்னு எந்த டாக்டர் சொன்னாரு? அந்த ஆஸ்பத்திரி ஃபைல காட்டுங்க!" என்றாள் அகல்யா.

பச்சையப்பனுக்குச் சட்டென்று காது கேட்டது. "அது எப்பவோ தொலஞ்சி போச்சும்மா."

"தொலையலியே?" என்றாள் ராணி. "என் கூறைப் புடவைக்கு அடியில கீது. வருசா வருசம் நான்தானே அந்துருண்டை மாத்தறேன்?"

கொண்டுவந்து கொடுத்தாள். இங்கிலீஷ் தெரியாத அவளுக்கு அது மகன் உயிரோடு திரும்பிய காகிதம். மூலையில் குங்குமம்கூட வைத்திருந்தாள்.

"குடு அகல்யா, எனக்கு லேட்டாவுது!" என்று விஷால் பாய்ந்தான். லேட்டாகிறவன் வாசலுக்கல்லவா ஓட வேண்டும்?

அகல்யா வேகமாகப் படித்தாள். பிறகு மெதுவாகப் படித்தாள்.

"அத்தே... உக்காருங்க. நெஞ்சுவலி ஊசிக்கு நாலு நாள் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கு. அதுக்கும் முன்னாடி, ஊசிக்கு மூணு வாரத்துக்கு முந்தி, இவருக்குக் கொரோனா. வீட்டுல சொல்லலன்னு இவரே டாக்டர்கிட்ட சொல்லியிருக்காரு. ஊசியால அரிதா சில பேருக்கு இப்படி வர்றதுண்டு, ஆனா இவருக்கு வந்தது கொரோனாவாலன்னு எழுதியிருக்கு. கீழ கையெழுத்து..." பச்சையப்பனைப் பார்த்தாள். "மாமாவுது."

கூடத்தில் சரசா ஓடிக்கொண்டிருந்த வீடியோவை நிறுத்தினாள்.

"மூணு வாரத்துக்கு முந்தின்னா..." ராணி விரல் விட்டாள். "அப்ப நீ சரசா அத்தை ஊட்லதானேடா தங்கியிருந்தே?"

விஷால் உடைந்தான். "எங்கிட்டேருந்து ஒட்டிதான் அவங்க ஊட்டு மாமா போனாருன்னு தெரிஞ்சா அத்தை என்னை... பயமா இருந்துச்சும்மா!"

"நான்தான் சொல்ல வேணாம்னேன்," என்றார் பச்சையப்பன், பேப்பரைப் பார்த்து. "அக்கா அவன மன்னிக்காது. நீன்னா... நீ தாங்குவே."

"யோவ்!"

முப்பது வருடக் கல்யாணத்தில் அது முதல் யோவ்.

"தாங்குவேனா? நான் மொட்டை அடிக்கக் குந்திகினு இருந்தப்ப, டோக்கன் வாங்கியாந்தவன் நீதானேய்யா! டேய்... பால்குடத்துக்குப் பின்னாலயே தண்ணி பாட்டில் எடுத்துகினு வந்தியே... ஒரு வாட்டி... ஒரே வாட்டி எங் காதோரம் சொல்லக் கூடாதா?"

காலில் விழ வந்த விஷாலுக்குக் கால் கிடைக்கவில்லை. அவள் நகர்ந்துவிட்டிருந்தாள்.

அகல்யா குழந்தையையும் ஊசி அட்டையையும் அவள் கையில் கொடுத்தாள். "நீங்களே போட்டுட்டு வாங்க அத்தே. எனக்கு இங்க கொஞ்சம் பேச வேண்டியிருக்கு."

"கொழம்பு கொதிக்குது," என்றாள் ராணி ஆண்கள் இருவரையும் பார்த்து. "எறக்கி வைங்க."

தெருமுனையில் பின்னால் செருப்புச் சத்தம். "நில்லுடி!" சரசா. ராணி பழக்கத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டாள். திட்டு வரவில்லை. குழந்தையின் தலைக்கு மேல் குடை விரிந்தது.

"வெயிலு," என்றாள் சரசா.

ஹெல்த் சென்டரில் குழந்தை வீறிட்டு அழுது ஓய்ந்தது. "அரை மணி நேரம் உக்காந்துட்டுப் போங்க," என்றாள் நர்ஸ். முகாமிலும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த அரை மணி நேரமும் விஷால் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தான். இன்னாடா என்று கேட்டதற்கு, ஒண்ணுமில்லம்மா என்றான்.

சரசா குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவரு மூஞ்சியக்கூட காட்டல ராணி... யாரையாச்சும் திட்டிகினே இருந்தாத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு. நீ கெடச்சே."

"தெரியும் அண்ணி."

"தெரிஞ்சுமா சொம்மா இருந்தே? பாவி... என்னை ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாமேடி!" சரசா அவள் தோளில் முகம் புதைத்துக் கதறினாள். டோக்கனோடு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ராணியின் கை, தயங்கித் தயங்கி, அவள் முதுகுக்குப் போனது.

"அந்தப் பயல நான் இன்னாடி பண்றது?"

"இன்னா தோணுதோ பண்ணுங்க அண்ணி. இனிமே நடுவுல நான் நிக்க மாட்டேன்."

போன் அடித்தது. பச்சையப்பன். ராணி அதைப் பெஞ்சில் கவிழ்த்து வைத்தாள். அடித்தது, ஓய்ந்தது, மறுபடி அடித்தது.

"அரை மணி ஆச்சும்மா, கெளம்பலாம்," என்றாள் நர்ஸ்.

சரசா குடையோடு எழுந்தாள். ராணி எழவில்லை.

"உக்காருங்க அண்ணி. கொழம்பு அடிப்புடிக்கட்டும்."