நாலு சுவருக்குள் கேட்ட அழுகை

குழந்தையின் வட்டத்துக்குக் கீழே ஒரு கோடு இருந்தது.

தோர்ன்ஹோப் குடும்பத்தின் வம்சச் சுருள் மேசை நீளத்துக்கு விரிந்து கிடந்தது. ஆளுக்கொரு வட்டம், பெற்றவர் வட்டத்திலிருந்து பிள்ளை வட்டத்துக்கு ஒரு சிவப்புக் கோடு. இருநூறு வருடத்து ஆட்கள் இறங்கி இறங்கி வந்து, கடைசியில் வாரினின் மனைவி அமிசியா. அவளுக்குக் கீழே நேற்று வரைந்த சின்ன வட்டம், ரால்ஃப். தாயும் பிள்ளையும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தார்கள். புதைத்து நாலு நாள் ஆன பிள்ளைக்குக் கீழே கோடு எதற்கு?

"இது என்ன சாமி?" என்றான் வாரின்.

"நான் போடலீங்க எசமான்." பாதிரியார் காட்ஃப்ரே கத்தியால் சுருளின் தோலைச் சுரண்டினார். "காலையில ஒரு தடவை சுரண்டியாச்சு. அப்ப விரக்கடை இருந்துச்சு. இப்ப சாண் அளவு ஆயிருச்சு."

வாரினுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிரசவத்தன்று மரத்துப் போனவன்தான். விலாங்கு மீன் வைத்தார்கள், தின்றான். உப்பு இருந்ததா என்று கேட்டால் தெரியாது.

இன்று ராஜாவின் அதிகாரி வருகிறார். சட்டப்படி, பிள்ளை உயிரோடு பிறந்து, நாலு சுவருக்குள் அழுத சத்தம் ஆண்கள் காதில் விழுந்திருந்தால், மனைவியின் நிலமும் வீடும் கணவனுக்கு, அவன் சாகும்வரை. விழாவிட்டால் எல்லாம் அமிசியாவின் சித்தப்பா ஹியூவுக்கு. வாரின் தன் அப்பாவுக்கு நாலாவது மகன், அங்கே சொத்தெல்லாம் மூத்தவனுக்கு. இந்த வீடு போனால் அவனுக்குப் போக்கிடமே கிடையாது.

ரால்ஃப் அழவில்லை. நீலம் பாரித்துத்தான் பிறந்தான். அது வாரினுக்கும் மருத்துவச்சி எமோட்டாவுக்கும் மட்டும் தெரியும்.

"அழுதுச்சுன்னே சொல்லிருவோம் எசமான்," என்று அன்றே சொல்லிவிட்டாள் அவள். "இல்லாட்டி ஞானஸ்நானம் கிடையாது, கல்லறை வேலிக்கு வெளிய வீசிருவாங்க. பாவம், தாயோட கெடக்கட்டும்." அப்படித்தான் கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம், வீட்டுக் கோயிலின் தரைக்கடியில், பிள்ளையைத் தாயின் நெஞ்சுமேல் வைத்துப் புதைத்தார்கள்.

நடுப்பகலில் கூடம் நிறைந்தது. மழையில் நனைந்த கம்பளியின் வாடையும், ஈர விறகின் புகையும், பன்னிரண்டு சாட்சிகளின் பீர் மூச்சும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் படிந்தன. ஹியூ வந்தால் ஊர் மேய்ச்சல் நிலத்தை அடைத்துவிடுவான் என்ற பயத்திலேயே எல்லோரும் கேட்காததைக் கேட்டதாகப் பொய் சொல்ல வந்திருந்தார்கள்.

"கேட்டேங்க," என்றான் ஆலைக்காரன் ஓஸ்பர்ட். "அன்னைக்குத்தான் எம் பன்னி ஒம்போது குட்டி போட்டுச்சு. குட்டிதான் கத்துதோன்னு பாத்தேன். இல்ல, சின்ன எசமான்!"

கூடம் சிரித்தது. சிரிப்புக்கு அடியில், சுவரோரமாக, மெல்லிசாக ஒரு முனகல். நாயாக இருக்கும் என்று நினைத்தான் வாரின். நாய்கள் எல்லாம் அவன் காலடியில் கிடந்தன.

"தொண்டையத் தொறந்து அழுதாருங்க," என்றான் அடுத்தவன்.

முனகல் தொண்டையைத் திறந்தது.

ஒவ்வொருவன் சத்தியத்துக்கும் அது வளர்ந்தது. வாரினுக்கு மட்டும்தான் கேட்கிறது போலும். ஐந்தாவது ஆள். ஆறாவது. நாய்கள் எழுந்து வெளியே ஓடின. ஏழாவது ஆள் பாதியில் வாயை மூடினான். ஓஸ்பர்ட் சிலுவை போட்டுக்கொண்டான். எல்லோருக்கும் கேட்டது.

பசி அழுகை.

"செத்துப்போச்சுன்னு சொன்னீங்க?" என்றார் அதிகாரி. அவர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் முகத்திலும் ரத்தமில்லை. "எழுதிக்கோ. கேட்டுச்சு. நானே கேட்டேன். வாரின் ஐயா, உசிரு உள்ளவரைக்கும் இந்த வீடு உங்களுது. நாங்க வர்றோம்."

பெஞ்சுகள் கவிழ்ந்தன. குதிரைகள் மழையில் பறந்தன. பாதிரியாரும் போய்விட்டார். வாரின் எழவில்லை. எங்கே போவான்? வீடு அவனுடையது.

அழுகை சட்டென்று நின்றது.

சப்புகிற சத்தம். ஒரு சின்ன ஏப்பம்.

பயந்தான். இத்தனை நாளில் முதல்முறையாக ஒன்றை உணர்ந்தான், அது பயம்.

கோயில் கதவு உள்ளிருந்து திறந்தது. பிரசவக் கட்டிலில் கேட்ட அதே களைத்த குரல்.

"ஏங்க, பிள்ளையைக் கொஞ்சம் பிடிங்க."

இருட்டிலிருந்து, மண் அப்பிய இரண்டு கைகள் ஒரு துணிப்பொதியை நீட்டின. பொதி அசைந்தது.

வாரினின் கைகள் தாமாகவே நீண்டன.