கேசட்டில் இருந்த சிரிப்பு

அப்பா வீட்டை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. அவர் எடுத்துப் போகாமல் விட்டிருந்த பெரிய சாமான் ஸ்டீரியோ செட் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து அதையும் எடுத்துக்கொள்வதாகப் போனில் சொன்னார். கேசட் பெட்டியையும் சேர்த்துத்தான்.

"தாராளமா எடுத்துக்கட்டும்," என்றாள் அம்மா. "இடமாவது மிச்சம்."

மகள் கொசு கேசட் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

கொசு என்பது அப்பா வைத்த பட்டப்பெயர். ஒல்லியாக இருப்பாள், காதருகே வந்து ஓயாமல் பேசுவாள். இப்போது அப்படிக் கூப்பிடுவது தம்பி மட்டும்தான். அவனுக்கு ஐந்து வயது.

அந்தப் பெட்டியில், மேலே எதுவும் எழுதாத ஒரு கேசட் இருந்தது. செட் வாங்கிய புதிதில் அப்பாவும் அம்மாவும் விளையாட்டாகப் பேசிப் பதிவு செய்தது. அப்போது கொசு கைக்குழந்தை. தம்பி பிறக்கவே இல்லை. சில மாதங்களுக்கு முன் கொசு அதைப் போட்டுக் கேட்டபோது அம்மா வந்து செட்டை அணைத்துவிட்டாள்.

அதை எப்படியாவது கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும் என்று கொசு முடிவு செய்தாள். அம்மாவிடம் கேட்டாள்.

"என்னமோ பண்ணு. என் காதுல விழக்கூடாது, அவ்வளவுதான்," என்றாள் அம்மா.

இரண்டு முனையிலும் ஊசி போன்ற பின் வைத்த ஒரு வயரை மேசை டிராயரில் தேடி எடுத்தாள். செட்டில் ரேடியோவைப் போட்டுவிட்டு, ஒரு முனையை அதன் ஹெட்போன் ஓட்டையில் செருகியதும் ஸ்பீக்கர் சட்டென்று வாயை மூடிக்கொண்டது. கொசுவுக்கு நிம்மதி. இனி அம்மாவுக்குக் கேட்காது. மறுமுனையைக் கம்ப்யூட்டரின் மைக் ஓட்டையில் செருகினாள். அங்கே பதிவாவதைக் கம்ப்யூட்டரின் ஹெட்போனில் கேட்டுக்கொள்ளலாம்.

எடுத்தவுடனே அந்தக் கேசட்டைப் போட அவளுக்குப் பயம். பழைய நாடா அறுந்து போனால்? அதனால் முதலில் ஏதோ ஒரு பாட்டுக் கேசட்டைப் போட்டுப் பார்த்தாள். தகர டப்பாவுக்குள் தவளை கத்துவது போல இருந்தது. திரையில் சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சைக் கோடு துள்ளித் துள்ளிச் சிவப்பைத் தொட்டது. செட்டின் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். கோடு பச்சையிலேயே அடங்கியதும் பாடகர் தவளையிலிருந்து மனிதராக மாறினார்.

அதற்குள் அம்மாவுக்கு அலுவலக வேலை வந்துவிட்டது. கம்ப்யூட்டரை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

ஞாயிறு காலையில் அந்தக் கேசட்டைப் போட்டாள். கேசட் எவ்வளவு நேரம் ஓடுமோ, பதிவாகவும் அவ்வளவு நேரம் ஆகும். அவசரப்படுத்த முடியாது. பாதி கூட ஓடவில்லை, அழைப்பு மணி அடித்தது. அப்பா முன்னதாகவே வந்துவிட்டார்.

அம்மா கதவைத் திறந்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

"என்ன இது, வயரெல்லாம்?" என்று அப்பா செட்டின் பக்கம் குனிந்தார்.

"கைய வைக்காதீங்கப்பா. இன்னும் கொஞ்சம் ஓடணும்."

வண்டிக்காரர் கீழே காத்திருக்கிறார், இன்னும் இரண்டு இடம் போக வேண்டும் என்று அப்பா சொன்னார். அவர் கை சுவிட்சுக்கு அருகில் இருந்தது. கொசு அழவில்லை, சண்டையும் போடவில்லை. ஹெட்போனைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

அப்பா அதை ஒரு காதில் வைத்துக்கொண்டார். உள்ளே அவருடைய குரலேதான் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. 'முக்கியச் செய்தி. இன்று சமையல் தீய்ந்துவிட்டது. குற்றவாளி சிரித்துக்கொண்டே இருப்பதால் விசாரணை தடைபடுகிறது.' அம்மா மூச்சு முட்டச் சிரிப்பது அதன் பின்னால் கேட்டது.

அப்பாவின் உதடு லேசாக அசைந்தது. அப்போது சமையலறையில் ஒரு பாத்திரம் ணங்கென்று விழுந்தது. சுட்டுவிட்டது போல அவர் ஹெட்போனைக் கழற்றினார்.

"முடிஞ்சதும் கூப்பிடு," என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டில் போய் நின்றுகொண்டார்.

கேசட் முழுவதும் ஓடி முடிந்தது. கொசு பதிவைச் சேமித்து, சேர்ந்திருக்கிறதா என்று ஒரு முறைக்கு இரு முறை பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட்டாள். அவர் கேசட்டை வாங்கி, பெட்டியில் எல்லாவற்றுக்கும் அடியில் செருகினார்.

"உங்களுக்கும் ஒண்ணு போட்டுத் தரவா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்மா," என்றார். கொசு என்று கூப்பிடவில்லை.

செட் இருந்த இடத்தில் தூசி சதுரமாகத் தெரிந்தது. அம்மா வந்து பெருக்கிவிட்டுப் போனாள். கொசு அவளுக்கும் ஒரு பிரதி வேண்டுமா என்று கேட்க நினைத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை.

சாயங்காலம் தம்பியை நாற்காலியில் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டினாள். அது அவன் தலைக்குப் பெரிது. கழுத்துக்கு நழுவிக்கொண்டே இருந்தது.

"நியூஸ் படிக்கிறது அப்பா," என்றான். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "சிரிக்கிறது யாரு?" என்றான்.

கொசு சமையலறைப் பக்கம் பார்த்தாள்.

"அம்மா."

அவன் நம்பவில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சமையலறை வாசலுக்குப் போனான். அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். என்னடா வேணும் என்று அம்மா கேட்டாள். ஒண்ணுமில்லை என்று தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்து நாற்காலியில் ஏறினான்.

"முதல்லேர்ந்து போடு, கொசு," என்றான்.

கொசு இரண்டு கைகளாலும் ஹெட்போனை நழுவாமல் பிடித்துக்கொண்டாள். பொத்தானை அவனே அழுத்தினான்.