கெண்டை சொன்ன ‘இல்லை’

“என் பிளக்கை யாருங்க கழட்டுனது?”

நுஸைபாவின் பெரிய கண்களில் அப்படி ஒரு கோபம்... வெளியே மழை. தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்தருகே அந்த ஜெராக்ஸ் கடையில் இருந்ததே ஒரு பிளக் பாயிண்ட்தான். பேட்டரி போன அவளுடைய லேப்டாப் அணைந்துவிட்டது. தன் சார்ஜரோடு அசடு வழிய நின்றான் ஓர் இளைஞன்.

“சாரிங்க... சார்ஜ் ஏறிடுச்சுன்னு நெனச்சேன்.”

“அஞ்சு மணிக்குள்ள போட்டிக்கு அனுப்பணும். நீங்க நெனச்சா போதுமா?”

வருடா வருடம் நடக்கும் அந்தப் போட்டி, மென்பொருள்களுக்கு. ஒரு கணக்கை விதிகளின்படி மாற்றி மாற்றி எழுதினால், எந்த வழியில் போனாலும் ஒரே விடை வருமா? ஆம், இல்லை என்று மென்பொருள் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் வெளியேற்றம். ஒத்திகையில் ஒரு கணக்குக்கு அவளுடைய மென்பொருள் ‘நாற்று’ ஆம் என்றது. அவள் முகம் பார்த்திராத யாரோ ஒருவரின் ‘கெண்டை’ இல்லை என்றது. அவளுடைய இத்தனை வருட ஆராய்ச்சியும் இப்போது அந்த ‘ஆம்’ மீதுதான் நின்றது.

“அந்தக் கெண்டைக்காரன் சரியான அவசரக்குடுக்கைங்க!” என்று இவனிடம் பொரிந்தாள்.

“எந்தக் கணக்கு? காட்டுங்க...” என்றபடி அவளுடைய பிளக்கைத் திரும்ப மாட்டினான்.

வீணான ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் அதை இரண்டு வழியாக எழுதிக் காட்டினான். இரண்டும் வெவ்வேறு விடையில் போய் நின்றன.

ஐயோ... நாற்றுதான் தவறு!

“நீங்க யாரு?”

“ஆஸிம்... கெண்டைக்காரன்.”

லேப்டாப்பை மூடிக்கொண்டு மழையில் இறங்கிவிட்டாள். போட்டிக்காரனிடமா பாடம் கேட்பது? ஆனால்... வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவன்தானே ஜெயித்திருப்பான்! நனைந்த துப்பட்டாவோடு திரும்பி வந்தாள்.

“ஏங்க சொன்னீங்க?”

“நாற்று இல்லாத போட்டில ஜெயிச்சு என்னங்க பண்றது?”

லேப்டாப்பை மறுபடி பிளக்கில் மாட்டி, சோதிக்காமல் விட்டிருந்த இடத்தைத் தேடித் திருத்தினாள். மறுபடி ஓட்டினாள். நாற்றும் ‘இல்லை’ என்றது. ஐந்து மணிக்குள் அனுப்பியும்விட்டாள்.

“அல்ஹம்துலில்லாஹ்!” நெஞ்சிலிருந்த பாரமெல்லாம் இறங்கியது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. அவனும் சிரித்தான். இப்படிச் சிரிக்கிறவனையா திட்டினேன்... என்று இருந்தது அவளுக்கு.

“வருஷா வருஷம் ரிசல்ட் வந்தா, கெண்டை எங்க இருக்குன்னுதான் மொதல்ல தேடுவேன்,” என்றாள் மெல்ல.

“திட்டறதுக்கா?”

“மொத வருஷம் திட்டறதுக்குத்தான்...”

“அப்புறம்?”

நுஸைபா தலை நிமிராமலே சொன்னாள்.

“புடிச்சுப் போச்சுங்க... வீட்டுப் பெரியவங்கள எங்க அத்தா அம்மாகிட்ட வந்து பேசச் சொல்லுங்க.”