ரூலாஃப் சாரின் முறை

பன்னிரண்டு மணிக்குப் பள்ளிக்கூடமே பனிச்சறுக்கு விளையாடக் கிளம்புகிறது. மூன்று வருஷம் கழித்து இப்போதுதான் கால்வாய் உறைந்திருக்கிறது. நாளைக்கு மழையாம். இன்றைக்கு விட்டால் போச்சு.

சீபே மட்டும் போகக்கூடாது. பள்ளி முயல் ஸ்னூரைக் காணோம், கூண்டு திறந்து கிடக்கிறது. இந்த வாரம் தீனி வைக்கும் முறை சீபேயுடையது. தலைமையாசிரியர் ரூலாஃப் சார் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். தீர்ப்புச் சொல்வதில் அவரை அடிக்க ஆளில்லை.

உண்மையைப் பார்த்த ஒரே ஆள், அவன் வகுப்பில் படிக்கும் ஃபெம்கே. அவளுக்குப் பேச்சு வராது. கையில் இருக்கும் டேப்லெட்தான் அவள் குரல். அதில் உயிரெழுத்துகள் மஞ்சள், மற்றவை நீலம், அடிக்கடி வேண்டிய சொற்கள் பச்சை. சிவப்பைத் தொட்டால், எழுதியதை அது வாய்விட்டுச் சொல்லும்.

வகுப்பிலேயே எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, பதினொன்றே முக்காலுக்கு ரூலாஃப் சாரின் அறைக்குள் நுழைந்தாள். மூலையில் சீபே மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றான். அவள் சிவப்பைத் தொட்டாள்.

"காலைல உங்க சைக்கிள்..." என்றது டேப்லெட்.

"என் சைக்கிளா? புதுசு! முன்னால எவ்ளோ பெரிய பெட்டி, பாத்தியா?" என்று பூரித்துப்போனார் சார். அவர் பேசி முடிப்பதற்குள் டேப்லெட் சொல்லி முடித்திருந்தது.

அவள் மறுபடி தொட்டாள்.

"ரொம்ப சத்தம்மா. கொடு, நான் குறைக்கிறேன். என்ன இது, மிட்டாய்க்கடை மாதிரி?" அவர் விரல் எங்கேயோ பட்டது. எழுதியது அத்தனையும் அழிந்தது.

பத்து நிமிஷம்தான் இருக்கிறது. அவசரப்பட்டால் அவள் கை நடுங்கும். மஞ்சளைத் தொடப்போனால் நீலத்தில் விழும்.

'நான்' என்று எழுதினாள்.

"நான் வருத்தப்படறேன்! அதானே?"

இல்லை என்று தலையாட்டிவிட்டு, 'பார்' வரை வந்தாள்.

"பாரம்! மனசு பாரமா இருக்கு. பாவம் குழந்தை!"

மணி பதினொன்று ஐம்பத்து நான்கு.

ஃபெம்கே கையை எடுத்துவிட்டாள். மூச்சை இழுத்து விட்டாள். பிறகு ஒரே ஒரு பச்சைக் கட்டத்தைத் தொட்டாள். விளையாட்டுக்காக வைத்திருந்த கட்டம் அது.

"உங்க முறை" என்றது டேப்லெட்.

அதை அவர் பக்கம் தள்ளினாள். சீபேயைப் பார்த்து, விரல்களை வாத்தின் அலகு போலத் திறந்து மூடி, பேசு என்று காட்டினாள். சீபே மூக்கு உறிஞ்சுவதை நிறுத்தினான். புரிந்துவிட்டது.

"நான் எழுதணுமா? இதென்ன பெரிய வித்தை!" சார் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "எங்கேப்பா ஒளிஞ்சிருக்கு இந்த எழுத்து?"

"நீலத்துல தேடுங்க சார்" என்றான் சீபே.

ஒரு வழியாக 'நான்' வந்தது.

"நான் ரொம்பப் பசியா இருக்கேன்! அதானே சார்?" என்றான் சீபே.

"இல்ல, நான் வந்து..."

"நான் வாத்து!"

"நான்..."

"நான் பனியில வழுக்கி விழுந்துட்டேன்! பாவம் சார் நீங்க!"

"டேய், முடிக்க விடுடா!"

சார் சீபேயைப் பார்த்தார், ஃபெம்கேயைப் பார்த்தார். காதிரண்டும் மெல்லச் சிவந்தன. டேப்லெட்டை அவளிடமே நகர்த்தினார்.

"சரிம்மா. நீ எழுது."

அவள் எழுதினாள். சார் இரண்டு முறை வாயைத் திறந்தார். இரண்டு முறையும் ஒரு பிஸ்கட்டை எடுத்து அடைத்துக்கொண்டார். ஃபெம்கேயின் விரல் இப்போது நடுங்கவில்லை. மஞ்சள், நீலம், நீலம், மஞ்சள். கடைசியில் சிவப்பு.

"காலைல உங்க சைக்கிள் கூண்டுல இடிச்சு, கொண்டி கழண்டுது. நான் பார்த்தேன். ஸ்னூர் உங்க பெட்டிக்குள்ள குதிச்சுது. நீங்க உள்ள பாக்காம மூடிட்டீங்க."

மூன்று பேரும் வாசலுக்கு ஓடினார்கள். சார் பெட்டியின் மூடியை விலக்கினார். உள்ளே ஸ்னூர் சொகுசாக உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தது.

"மன்னிச்சுக்கடா சீபே. தப்பு என்னோடது" என்றார் சார். பிறகு குனிந்து பார்த்து அலறினார். "ஐயோ, நாளைக்குப் பெற்றோர் கூட்டத்துல பேச எழுதி வெச்சது! பதினோரு பக்கம்!"

சீபே எண்ணிப் பார்த்தான். மிச்சம் இரண்டு பக்கம்தான்.

"பரவால்ல சார். எங்கம்மா சந்தோஷப்படுவாங்க."

சார் மிச்சப் பக்கங்களை எடுக்கும்போதே பன்னிரண்டு மணி அடித்தது. முயலை அவர் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு பேரும் கால்வாயை நோக்கி ஓடினார்கள்.