ஏசியின் முதுகுப் பக்கம்

அமிர்தவள்ளிக்குப் பத்து வயதுதான். ஆனால் அதற்குள் அவள் சித்தியாகிவிட்டாள். பிரசவத்துக்கு ஆம்பூர் வந்த அக்கா சாவித்திரிக்கு ஆண் குழந்தை பிறந்ததிலிருந்து அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. கடைக்குப் போனால்கூட, "சித்தி வந்திருக்கேன், உப்பு கொடுங்க" என்பாள்.

குழந்தைக்கு அதன் அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர், ஜம்புலிங்கம். உருவம் சின்னது, பெயர் பெரியது என்பதால் எல்லோரும் ஜம்பு என்றே கூப்பிட்டார்கள்.

கத்திரி வெயில் வந்தது. ஜம்புவின் உடம்பெல்லாம் வேர்க்குரு. தோல் தொழிற்சாலையில் மேஸ்திரியாக இருந்த அப்பா கிருஷ்ணராஜ், பேரன் படும் பாட்டை முதலாளி மக்பூல் அகமதுவிடம் சொன்னார். "ஆபீசுக்குப் புதுசு வந்துடுச்சு, பழைய ஏசி சும்மா கிடக்குது. குழந்தைக்கு எடுத்துட்டுப் போங்க" என்றார் முதலாளி.

தெருவிலேயே முதல் ஏசி அது. அறையின் ஜன்னலில், முகம் உள்ளேயும் முதுகு வெளியேயும் இருக்கும்படி பொருத்தினார்கள். அறை குளுகுளுவென்று ஆனது. அம்மா மீனாம்பாள் மே மாதத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜம்பு கால்களை நீட்டி நிம்மதியாகத் தூங்கினான்.

ஒரு வாரம்தான். அப்புறம் ஏசி சத்தம் மட்டும் போட்டது, குளிரவில்லை.

"வேடிக்கை பார்க்கத் தெருவே வந்து வந்து போகுது. கதவு திறந்தே கிடந்தா குளிர் எப்படி நிக்கும்?" என்றாள் அம்மா. கதவை இழுத்துச் சாத்தினாள். அறை இன்னும் வெந்தது.

அப்பா முன்பக்க வலையைக் கழற்றினார். பூனைக்குட்டி சுருண்டு படுத்ததுபோல் அதில் தூசி. குழாயடியில் கழுவி மாட்டினார். காற்று கொஞ்சம் வேகமாக வந்தது. வெதுவெதுப்பாகத்தான் வந்தது.

வேலூர் மெக்கானிக்குக்கு ஆள் அனுப்பினார்கள். "கத்திரி முடியற வரைக்கும் நேரமில்ல" என்று பதில் வந்தது. கத்திரி முடிந்தபிறகு வந்து அவர் என்ன செய்வார்?

ஞாயிற்றுக்கிழமை ஒரு அதிசயம் நடந்தது. ஏசி பழையபடி குளிர்ந்தது!

"இப்பப் புரியுதா? இன்னிக்கு எல்லாக் கம்பெனியும் லீவு. அதான் கரண்ட் ஜாஸ்தி. மத்த நாள்ல வோல்டேஜ் கம்மி" என்றார் அப்பா.

திங்கட்கிழமை காலை டிபன் முடிவதற்குள் அறை மறுபடி அடுப்பங்கரை ஆகிவிட்டது. ஜம்பு வீறிட்டான்.

சாவித்திரி பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்கத் தொடங்கினாள். "நாளைக்குக் காலைல ரயிலுக்குக் கிளம்பறேன்மா. பெங்களூர்ல இந்தப் பேஜார் இல்ல. குழந்தை பாவம்."

"லீவு முடியற வரைக்கும் இருப்பேன்னு சொன்னியே!" என்றாள் அமிர்தவள்ளி.

"நான் இன்னாடி பண்ணுவேன்? அவன் உடம்பைப் பாரு."

அமிர்தவள்ளி போய் ஜம்புவின் அருகில் உட்கார்ந்தாள். ஜம்பு இப்போதுதான் அவளைப் பார்த்துச் சிரிக்கக் கற்றிருந்தான். ஊருக்குப் போனால் மறந்துவிடுவான். குழந்தை இல்லாத வீட்டில் சித்தியாக இருந்து என்ன பயன்?

அழுகையை விழுங்கிவிட்டு மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தாள். வோல்டேஜ் குறைந்தால் அதுவும் சோம்பிச் சோம்பித்தானே சுற்ற வேண்டும்? நேற்று சுற்றியதுபோலவே இன்றும் விர்ரென்று சுற்றியது.

அப்படியானால் கோளாறு கரண்டில் இல்லை. ஏசியின் முகத்தை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அதன் முதுகை யாருமே பார்க்கவில்லையே!

பின்பக்கச் சந்துக்கு ஓடினாள். அங்கே போய் அப்படியே நின்றுவிட்டாள்.

ஏசியின் முதுகைச் சுற்றியிருந்த கம்பிக்கூண்டு முழுக்க, ஷூவின் மேல்பாகங்கள் வௌவால்கள்போல் வரிசையாகத் தொங்கின. பின்னால் மட்டுமல்ல, இரண்டு பக்கமும்தான். காற்று போக விரல் நுழையும் அளவுகூட இடமில்லை.

"இன்னா அமிர்தா, இந்தப் பக்கம்?" கையில் இன்னும் நாலைந்து ஈரத்தோல்களோடு வந்தாள் பக்கத்து வீட்டு சவுரியம்மாள். ஷூ கம்பெனிக்காக வீட்டிலிருந்தே கையால் தைத்துக் கொடுப்பவள்.

"அக்கா, இதெல்லாம் எதுக்கு இங்க?"

"எல்லாம் உங்க வீட்டுப் புண்ணியம்! தோலை நனைச்சாத்தான் ஊசி இறங்கும். தைச்சப்புறம் காயணும். வெயில்ல போட்டா அப்பளமா விறைச்சுடும். நிழலும் வேணும், காத்தும் வேணும். நம்ம சந்துல காத்து ஏது? உங்க பொட்டி பாட்டுக்கு அனலா ஊதிட்டு இருந்துச்சு. வீணாப் போவுதேன்னு மாட்டிவிட்டேன்."

"நேத்து மாட்டலையா?"

"ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போவேனா, தோல் தைப்பேனா?"

அமிர்தவள்ளிக்குக் கோபம் சுருக்கென்று வந்தது. ஒரு சத்தம் போட்டால் அம்மா வந்துவிடுவாள். சுவருக்கு மேல் குழம்புக் கிண்ணம் கைமாறும் இரண்டு வீடும் நாளை முதல் பேசிக்கொள்ளாது. சவுரியக்கா முகத்திலோ ஒரு கள்ளமும் இல்லை. கோபம் வந்த வழியே போய்விட்டது.

"அக்கா, உங்க வாயையும் மூக்கையும் நான் துணியால மூடினா?"

"மூச்சு முட்டிச் செத்துடுவேன்டி!"

"இதுக்கும் மூச்சு முட்டுதுக்கா. உள்ளே இருக்கற சூட்டை இது வழியாத்தான் வெளியே தள்ளுது. வழி அடைஞ்சதும் ரூம் குளிரல. ஜம்பு நாள் பூரா அழறான். நாளைக்கு எங்க அக்கா ஊருக்கே கிளம்பறா."

"ஐயோ மாதாவே! பச்சைக் குழந்தை என்னாலயா அழுதது?" சவுரியம்மாள் பரபரவென்று எல்லாவற்றையும் உருவினாள். கூண்டு காலியானதும் அவள் முகம் வாடியது. "சாயங்காலம் கம்பெனி வண்டி வரும். ஈரமா இருந்தா திருப்பி அனுப்பிடுவாங்களே."

அமிர்தவள்ளி அனல் காற்றில் கையை நீட்டியபடி பின்னோக்கியே நடந்தாள். எதிர்ச்சுவரில் முதுகு இடித்தது. அங்கேயும் காற்று சுடச்சுட வந்து முகத்தில் அடித்தது.

"அக்கா, கயிறு இருக்கா?"

எதிர்ச்சுவர் ஆணியிலிருந்து முருங்கை மரம்வரை இருவரும் கயிறு கட்டினார்கள். ஏசியின் முதுகைத் தொடாமல், அதன் மூச்சு மட்டும் படும்படி தோல்கள் வரிசையாக ஆடின. அடைப்பில்லாத காற்று இன்னும் வேகமாக வீசியது. பகல் சாப்பாட்டுக்குள் பாதி உலர்ந்துவிட்டது.

அப்பா சாப்பிட வந்தபோது அறை சில்லென்றிருந்தது.

"பாத்தீங்களா? வோல்டேஜ் ஏறிடுச்சு!" என்று மீசையைத் தடவினார்.

அமிர்தவள்ளி வாயைத் திறக்குமுன் சவுரியம்மாளே வாசலில் வந்து நின்று, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். அம்மா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. "உக்காரு சவுரி, சாப்பிட்டுப் போ" என்று இலை போட்டாள்.

அப்பா மட்டும் ரசத்தைக் கலக்கிக்கொண்டே, "வோல்டேஜும் ஒரு காரணம்தான்" என்றார்.

தூக்கத்தில் ஜம்பு தும்மினான்.

"குளிருது போல. அமிர்தா, அவன் போர்வையை எடுடி" என்றாள் சாவித்திரி.

போர்வை பெட்டிக்கு அடியில் இருந்தது. அமிர்தவள்ளி ஒவ்வொன்றாகத் துணிகளை வெளியே எடுத்தாள். போர்வை கைக்கு வந்தபிறகும் நிறுத்தாமல் கடைசிக் கைக்குட்டைவரை எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

சாவித்திரி துணிக்குவியலைப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள். அசந்து தூங்கும் மகனையும் பார்த்தாள்.

"சரி சரி" என்றாள். "பெட்டியைப் பரண் மேல போட்டுடு."