இரண்டாவது தட்டு

"ஐயோ... அம்மா...!"

இலங்கையின் மடுல்சீமை மலைச்சரிவில், பனிமூட்டத்துக்கு அடியிலிருந்து கிளம்பியது அந்த அலறல்.

மேல்மலையில் நின்ற சடையன் அதைக் காது குளிரக் கேட்டான்.

ஒழிந்தான் மருதை!

வருஷம் 1912. தேயிலைக் கொழுந்து மூட்டைகள் கொக்கியில் தொங்கி, இரும்புக் கம்பி வழியே அந்தரத்தில் பறந்து ஃபேக்டரிக்கு இறங்கும். மேலிருந்து விடுகிறவன் சடையன். கீழே கழற்றுகிறவன் மருதை. கழற்றியதும் இரும்புத் தடியால் கம்பியில் ஒரு தட்டு தட்டுவான். அது மேலே கேட்ட பிறகுதான் அடுத்த மூட்டை.

முந்தினால் மூட்டையோடு மூட்டை மோதும். நடுவில் ஆள் நின்றால்... சட்னி!

இன்று சடையன் முந்தினான். வேண்டுமென்றே!

காரணம் வடிவம்மா. அவன் பெண்டாட்டி.

கொழுந்துக் கூடையை இறக்கியதும் கம்பியில் உள்ளங்கையை வைத்து நிற்பாள். கீழிருந்து 'டங்' வரும். பின்னாலேயே மெதுவாக இன்னொரு 'டங்'. அவள் முகம் மலர்ந்துவிடும்.

"என்னடி இளிப்பு?"

"சும்மாதான்யா."

சும்மாவா? ஒரு தட்டு வேலைக்கு. இன்னொன்று யாருக்கு? சடையனுக்கு வயிறு பற்றி எரிந்தது. சோறு இறங்கவில்லை. நேற்றே ஒரு மூட்டையை முந்தவிட்டுப் பார்த்தான். மயிரிழையில் தப்பிவிட்டான் அந்தப் பாவி.

இன்று மாட்டினான்!

அலறல் கேட்டுச் சடையனும் வடிவம்மாவும் கீழே ஓடினார்கள்.

சிதறிய கொழுந்துக்கு நடுவே, கறுப்புக் கம்பளி மூடியபடி ஒரு உருவம். பக்கத்தில் பெரிய கங்காணி. அவரோடு போலீஸ் சார்ஜன் ஜுனைதீன்.

பதுளை டவுனிலிருந்து இவர் எப்படி இவ்வளவு சீக்கிரம்...? சடையனுக்கு அதை யோசிக்கத் தோன்றவில்லை. அவன் கண் வடிவம்மாவின் கண்ணீரில் இருந்தது.

"யாருக்காகடி அழுவுற?"

"ஒரு உசுரு போயிருக்கு... அழக்கூடாதா?"

சார்ஜன் கனைத்தார்.

"ஏன்டா, தட்டு கேட்டுத்தான் ரெண்டாவது மூட்டைய விட்டியா?"

"ஆமாங்க சார்ஜன் ஐயா! கணீர்னு கேட்டிச்சு!"

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"சத்தியமாங்க! அவன் தட்டினான், நான் விட்டேன். அவன் விதி, குறுக்க வந்துட்டான்!"

"நான் இன்னிக்குத் தட்டவே இல்லையே, சடையா!"

தூணுக்குப் பின்னாலிருந்து குரல்.

மருதை!

முழுசாக, உயிரோடு!

சடையன் இரண்டடி பின்வாங்கினான். சார்ஜன் பூட்ஸ் காலால் கம்பளியை விலக்கினார். உள்ளே... பழஞ்சாக்குகள்!

"நேத்து மூட்டை என் தோள உரசிட்டுப் போச்சு. கங்காணி ஐயாகிட்ட சொன்னேன், அவரு சார்ஜன் ஐயாவ வரவழைச்சாரு" என்றான் மருதை. "இன்னிக்குத் தட்டாமலே ஒதுங்கி நின்னோம். நல்லவனா இருந்தா நீ பொழுது சாயிற வரைக்கும் காத்திருப்ப. மூட்டை வந்திச்சு... நான்தான் அலறினேன்!"

"ரெண்டாவது தட்டு?" சடையன் வெறி பிடித்தவனாகக் கத்தினான். "என் பெண்டாட்டிக்குத்தானேடா தட்டின?"

மருதை தூணைக் காட்டினான்.

"கிழக்குமலைக் கம்பியும் இதே தூண்லதான்டா கட்டியிருக்கு! ஒனக்குத் தட்டிட்டு அங்க தட்டுவேன். தூண் அதிர்ந்தா ஒன் கம்பியிலயும் மெதுவாக் கேக்கும். அங்க நிக்கிறது மீசைக்கார ஒச்சப்பன். அவனுக்கா நான் காதல் சேதி அனுப்புவேன்?"

தினம் பார்க்கிற தூண்தான். இருந்த பொறாமையில் அது கண்ணில் படவில்லை.

"அப்ப... நீ ஏன்டி சிரிச்ச?"

"நான் பறிச்ச கொழுந்து பத்திரமா எறங்கிருச்சுன்னு சிரிச்சேன்யா, பாவி மனுஷா!"

விலங்கு மாட்டப்பட்டது. சடையன் தலை குனிந்து நடந்தான். வடிவம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"யோவ்! பதுளை ஜெயில்ல பக்கத்து ரூம்புக்காரன் சொவத்தத் தட்டினா... அதுவும் எனக்குத்தான்னு நெனச்சுக்காத!"