முப்பத்திரண்டாவது வரி

பகல் ஒன்று பத்துக்குக் கீழ்த்தளத்துத் தையல்கடைக்காரர் ஷட்டரை இறக்கினார். இனி நான்கு மணி வரை ஓமானில், சோஹாரின் அந்தத் தெருவில் யாரும் நடக்கமாட்டார்கள். மாடி அலுவலகத்தில் ஏசி சொட்டும் சத்தமும், தடுப்புக்கு அந்தப் பக்கம் கௌஸ் முகம்மது தட்டச்சு செய்யும் சத்தமும், ஜன்னல் திரையின் ஓரமாகத் தரையில் விழுந்து கிடந்த ஒரு கோடு வெயிலும் மட்டும் மிஞ்சின. நனைந்த பழைய காகித வாடை அடித்தது. சுகிர்தராணி மூக்கைச் சுருக்கினாள். அந்த அறையில் காகிதமே இல்லை.

எல்லாம் படங்கள்தான். 1911ஆம் ஆண்டு, ஒரு துறைமுக நகரத்தின் மரணப் பதிவேடு. அந்தக் காலத்து நகரங்களில் ஆயிரம் பேருக்கு எத்தனை பேர், எதனால் செத்தார்கள் என்று எங்கோ ஒரு பல்கலைக்கழகம் ஆராய்கிறது. ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியே அடிக்க வேண்டும். ஒருவர் அடித்ததை மற்றவர் பார்க்கக் கூடாது. இரண்டும் ஒத்துப்போனால்தான் கணினி அந்த மரணத்தை ஏற்றுக்கொள்ளும்.

பக்கம் 214 நான்காவது முறையாகத் திரும்பி வந்தது. முப்பத்திரண்டாவது வரி சிவப்பு.

"கௌஸு, உனக்கு எத்தனை வரி?"

"முப்பத்தொண்ணுதான்க்கா. ஆனா அடியில மொத்தம் முப்பத்திரண்டுன்னு எழுதியிருக்கான். அந்தக் கிளார்க்குக்கு எண்ணவும் தெரியல."

அவளுடைய திரையில் வரி இருந்தது. காலையில் அது வெறும் மைக்கறை. பதினோரு மணிக்கு அதில் 'பெண்' என்று படிக்க முடிந்தது. பிறகு வயது. வழக்கம்போல அவள் தடுப்புக்கு மேலே குரல் கொடுத்தாள்: "பெண், ஆறு வயசுன்னு போட்டுக்கோ." விதிப்படி அது தப்பு. எல்லோரும் செய்கிற தப்பு. இல்லாவிட்டால் எந்தப் பக்கமும் முடியாது. கௌஸும் ஒரு வரியைச் சேர்த்துப் போட்டுக்கொண்டான்.

மூன்று மணிக்கு மஸ்கட் விமான நிலையத்துக்குக் கார் வரும். இந்தக் கட்டு முடிந்தால்தான் லீவு. பாஸ்போர்ட் அலமாரியில் இருந்தது. சாவி கௌஸிடம் இருந்தது. முடிந்த பிறகு கொடு என்று அவனுக்கு உத்தரவு. ஊரில் மகள் ஜெஸ்மிக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். ஜெஸ்மிக்கு ஆறு வயது.

நண்பகலில் கணவன் தேவசுந்தரத்தோடு போனில் பேசியிருந்தாள்.

"டாக்டர் என்ன சொல்லுதாரு?"

"காய்ச்சல்னு சொல்லுதாரு."

"என்ன காய்ச்சல்?"

"எனக்கென்ன தெரியும்? நீதானே நர்சு. நீ வா."

நர்சு. இந்த நாட்டு உரிமத் தேர்வில் இரண்டு முறை தவறி, இங்கே உட்கார்ந்து செத்தவர்களை அடித்துக்கொண்டிருக்கும் நர்சு. காலரா, வைசூரி, க்ஷயம், பிரசவம். எல்லாவற்றையும்விட அதிகம் காய்ச்சல். பக்கத்துக்குப் பதினைந்து காய்ச்சல். அது நோயே இல்லை. என்னவென்று தெரியாதவன் எழுதுகிற சொல். ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அவளுக்கு எரிச்சல் வரும்.

படத்தைப் பெரிதாக்கினாள். தெருப் பெயர் தெளிந்திருந்தது. குருசடித் தெரு.

கடற்கரை ஊர் எல்லாவற்றிலும் சிலுவை நிற்கும் ஒரு குருசடியும், அதன் பேரில் ஒரு தெருவும் உண்டு. அவள் வீடு இருப்பதும் ஒன்றில். அவ்வளவுதான்.

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மை கலங்கியிருந்தது. காரணத்துக்கான கட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

மேற்பார்வையாளர் அனந்தகிருஷ்ணனைப் போனில் கூப்பிட்டாள். மஸ்கட்டிலிருந்து எடுத்தார்.

"சார், அந்த வரிய எடுத்திருங்க. அது கௌஸுக்குத் தெரியல."

"மொத்தம் முப்பத்திரண்டு இருக்கேம்மா. எப்படி எடுக்கறது?"

"காரணம் எழுதலை சார்."

"எழுதலைன்னா காய்ச்சல் போடு. எத்தனை வாட்டி சொல்றது? ரெண்டு பேரும் ஒண்ணே போடுங்கோ, கலாஸ், முடிஞ்சுது. உனக்குத்தானே ஊருக்குப் போகணும்?"

அவள் 'முதுமை' என்று அடித்தாள். ஆறு வயதுக்கு முதுமையைக் கணினி ஏற்கவில்லை. வெறுமையாக விட்டாள். ஏற்கவில்லை. 'தெரியவில்லை' என்று அடித்தாள். பட்டியலில் இல்லாத சொல். மேசையை ஓங்கித் தட்டினாள்.

"அக்கா, நான் காய்ச்சல் போட்டுட்டேன். நீங்களும் போட்டா முடிஞ்சுது."

"நீ ஏன் போட்ட?"

"ரூல்தானக்கா."

"அழி அதை."

"நாலு வாட்டி அழிச்சாச்சு. எனக்கே காய்ச்சல் வந்துரும்போல." சிரித்தான்.

அவள் திரைக்குத் திரும்பினாள். மை அசைந்தது. கலங்கிய இடத்தில் ஒரு கொம்பு எழுந்தது. பிறகு ஒரு சுழி. ஜெ.

வாடை கூடியது. நனைந்த காகிதம். அதற்கடியில் வேறொன்று. ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தெரிந்த வாடை. வியர்வையில் ஊறிய தலையணை.

எழுந்தாள். நாற்காலி பின்னால் உருண்டது.

"கௌஸு, இங்க வந்து பாரு."

வந்து குனிந்து பார்த்தான். "வெறும் கறைதானக்கா இருக்கு."

"எழுத்து தெரியலையா?"

"சத்தியமா இல்ல. மூஞ்சியக் கழுவிட்டு வாங்க. மணி ரெண்டே முக்கால். கார்க்காரன் நிக்கமாட்டான்."

"அந்த வரியத் தொடாத."

"சரிக்கா."

"தொடாத."

கழிவறைக்கு முன்னால் நின்று வீட்டுக்குப் போன் அடித்தாள். மணி போகவில்லை. மறுபடி அடித்தாள். கடல் இரைவதுபோல ஒரு சத்தம். பிறகு அதுவும் இல்லை. குழாயைத் திறந்தாள். வெயிலில் காய்ந்த தண்ணீர் கையைச் சுட்டது. முகத்தில் அறைந்துகொண்டாள். கார் வேண்டாம். பாஸ்போர்ட் வேண்டாம். அந்த வரி சிவப்பாகவே இருக்கட்டும். எத்தனை நாளானாலும்.

தட்டச்சுச் சத்தம் கேட்டது.

அவளுடைய மேசையிலிருந்து.

ஓடினாள்.

கௌஸ் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மேசைமேல் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்திருந்தான். முகம் மலர்ந்திருந்தது. உபகாரம் செய்தவனின் முகம்.

"ரெண்டும் ஒத்துப்போச்சு. பிள்ளையப் போய்ப் பாருங்க."

திரையில் சிவப்பு இல்லை. முப்பத்திரண்டும் பச்சை. படத்தில் மை ஈரமாக மின்னியது. பெயர் முழுதாக இருந்தது. காரணத்துக்கான கட்டத்தில் சாய்ந்த கையெழுத்து. காய்ச்சல்.

கௌஸ் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். ஆள்காட்டி விரல் நுனி கறுத்திருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. சட்டையில் துடைத்துக்கொண்டான். ஒரு கோடு விழுந்தது.

அவள் கையில் போன் அதிர்ந்தது. வீட்டு எண்.

அதிர்ந்துகொண்டே இருந்தது.

"அக்கா, ஊர்லேர்ந்துதானே? எடுக்கலையா?"